கணக்கில் வராத மான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வேட்டை தெரியாது. துப்பாக்கி என்று நான் கையில் பிடித்தது பொருட்காட்சியில் பலூன் சுடும் துப்பாக்கி மட்டும்தான். அஞ்சு குண்டு, அஞ்சும் மிஸ். படிப்பது பி.காம் மூன்றாம் வருஷம். மானைப் பற்றி எழுத உனக்கு என்னடா தகுதி என்று வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது மானைப் பற்றிய கட்டுரை என்பதைவிட, மான் வேட்டை முடிந்து வந்து உட்கார்ந்து கதை பேசுகிறவர்களைப் பற்றிய கட்டுரை. கதை பேசுவதில் நமக்கும் கொஞ்சம் தகுதி உண்டு இல்லையா?

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அங்கே போன முதல் வருஷம் நவம்பர் மாதம் போன் பண்ணியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "டேய், ஆபீஸ்ல பாதி பேரைக் காணோம்டா." ஏதோ ஆட்குறைப்பு என்று நினைத்து நான் பதறிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, எல்லாரும் மான் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். ரெண்டு மூணு வருஷம் கழித்து, சீசன் முடிகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கூட வேலை பார்க்கும் ஒருவர் அண்ணனையும் தன் வீட்டு கேரேஜுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வேட்டைக்கு இல்லை. வேட்டைக் கதை கேட்க. அந்த ராத்திரி நடந்ததை அண்ணன் எனக்கு ஒன்றரை மணி நேரம் போனில் சொன்னார். அதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை.

அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கிய சீசன் 9 நாள். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து, பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை முடியும். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே 60 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் இந்த 9 நாளுக்கு உரிமம் வாங்குகிறார்கள். பனி, குளிர், விடியற்காலை இருட்டு. எல்லாரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடுப்பில் இருப்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக 1980 முதல் அந்த நிறம் கட்டாயம். 2016-ல் பளிச்சென்ற ரோஸ் நிறத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். இந்த மாதிரி அரசாணைகளை எல்லாம் படித்துக்கொண்டிருந்தால் காஸ்ட் அக்கவுண்டிங் எப்படி ஏறும் என்று கேட்காதீர்கள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இதைக் கேட்டதும் என் தோழி ஒருத்தி, "ஐயோ, மானையா? பாவம்" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம், கோர்ட், கேஸ். மான் என்றவுடன் நமக்கு ஒரு ஹிந்தி நடிகரின் வழக்குதான் ஞாபகம் வரும். ஆனால் ரெண்டு ஊர் நிலவரமும் ஒன்றில்லை. அங்கே 19-ம் நூற்றாண்டில் வியாபாரத்துக்காக மானைச் சுட்டுத் தள்ளினார்கள். கறியும் தோலும் ரயிலேறி நகரத்துக்குப் போயின. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான்கள் சில லட்சம்தான் மிஞ்சின. அதற்குப் பிறகு சட்டம் வந்தது, சீசன் வந்தது, எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தது. இன்று சுமார் 3 கோடி மான்கள். மானைத் தின்னும் ஓநாயை மனிதர்களே ஒழித்துவிட்டார்கள். விஸ்கான்சினில் 1960 வாக்கில் ஓநாயே இல்லை. 1970-களில்தான் பக்கத்து மாநிலமான மினசோட்டாவிலிருந்து திரும்பி வந்தது, அதுவும் பெரும்பாலும் வடக்குக் காடுகளில். ஆக, மான்கள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்து காட்டை மொட்டையாக்காமல் இருக்கவும், ராத்திரி கார்களில் வந்து மோதாமல் இருக்கவும் யாராவது ஓநாயின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

வேட்டை சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சீசன் முடிவில் நண்பர்கள் உட்கார்ந்து அளக்கிற கதைகளை வெட்டிப் பேச்சு, புளுகு என்று ஒதுக்கிவிடுகிறோமே, அது தப்பு. வேட்டையில் நடக்கிற ஒரே உண்மையான ஆடிட் அதுதான்.

எப்படி என்கிறீர்களா? ஒரு வணிகவியல் மாணவனாக எனக்கு ஆச்சரியமான ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே காட்டில் சுட்ட மான் கறியை விற்கக் கூடாது. வியாபாரம்தான் மானை அழித்தது என்பதால் வந்த தடை அது. ஹோட்டலில் மான் கறி கிடைக்கிறது என்றால் அது பண்ணையில் வளர்த்த மான். காட்டு மானை நீங்கள் சாப்பிடலாம், ஃப்ரீசரில் வைக்கலாம், பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்கலாம், பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கும் அமைப்புகளுக்குத் தானமாகத் தரலாம். காசுக்குக் கொடுக்க முடியாது. உரிமம், துப்பாக்கி, தோட்டா, உடுப்பு, பெட்ரோல், ஒரு வாரச் சம்பள விடுப்பு எல்லாம் சேர்த்துச் செலவைப் போட்டால், கிடைக்கிற கறி கசாப்புக் கடைக் கறியைவிட விலை அதிகமாக வந்தாலும் ஆச்சரியமில்லை. எந்தக் கணக்குப் பிள்ளையும் இந்த முதலீட்டை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியானால் இவர்களுக்கு லாபம் என்ன? கொஞ்சம் கறி, ஒரு ஜோடி கொம்பு, ஒரு கதை. கறி கோடைக்குள் தீர்ந்துவிடும். கொம்பு சுவரில் தூசி படியும். கதை மட்டும்தான் வருஷா வருஷம் வட்டி போட்டு வளரும். அண்ணன் சொன்னது, "டேய், முதல் தடவை சொன்னப்ப 80 கஜம், பியர் வந்ததுக்கு அப்புறம் 150 கஜம் ஆயிடுச்சுடா."

அந்த கேரேஜைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். மேலே உத்தரத்தில் ரெண்டு மான் தொங்குகிறது. வெளியே இருக்கும் குளிரில் கறி கெடாது. மூலையில் விறகு அடுப்பு. மடக்கு நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர். பீன்ஸும் கறியும் போட்டுக் காரமாக ஒரு குழம்பு, மான் கறி சாசேஜ். (அண்ணன் சாப்பிட்டாரா என்பதைப் பெரியம்மாவிடம் கேட்காதீர்கள்.) ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கதை. ஒருவருக்குப் பெரிய கொம்புள்ள ஆண்மான் முப்பது அடியில் வந்து நின்றதும் கை உதற ஆரம்பித்து, சுடவே மறந்துபோய் நின்ற கதை. இதற்கு அங்கே தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், தமிழில் சொன்னால் "மான் காய்ச்சல்". இன்னொருவர் மரத்தில் கட்டிய பரணில் தூங்கிப்போய், முழித்துப் பார்த்தால் கீழே மான் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்த கதை. சில வேட்டை முகாம்களில் குறி தப்பியவனின் சட்டை வாலை வெட்டி, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்களாம். நம் ஊரில் ஜெயித்தவனுக்குத்தான் மாலை. அங்கே தோற்றவனுக்கும் சுவரில் இடம் உண்டு.

இந்த மனிதர்களை வைத்து நாடகமே போட்டிருக்கிறார்கள். ஜெஃப் டேனியல்ஸ் என்ற ஹாலிவுட் நடிகர், பக்கத்து மாநிலமான மிச்சிகன்காரர், மான் வேட்டை முகாமில் நடக்கிற ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். 2001-ல் அவரே அதைப் படமாகவும் எடுத்தார். கதையின் மையமே, குடும்பத்தில் இதுவரை ஒரு மான்கூடச் சுடாத மகனுக்கு இருக்கும் அவமானம். நம் வீடுகளில் இன்னும் வேலை கிடைக்காத பிள்ளைக்குக் கல்யாண வீட்டில் இருக்கும் நிலைமையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கதை என்றால் ஆதாரம் வேண்டாமா? வவுச்சர் இல்லாமல் எந்தச் செலவையும் எழுதக் கூடாது என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்கும் அங்கே ஓர் அமைப்பு இருக்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆவதற்கு முன்பே, 1887-ல், நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப். கொம்பின் நீளம், பருமன், கிளைகள், ரெண்டு பக்கமும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்து புள்ளி போடுவார்கள். இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு வரைக்கும் பார்ப்பார்கள். நம் ஆடிட்டர்கள் தோற்றார்கள் போங்கள்.

ஆனால் அளவு நாடாவும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. இதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

ஜேம்ஸ் ஜோர்டான் என்று ஓர் இளைஞர். 1914 நவம்பரில் விஸ்கான்சினின் டான்பரி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெரிய ஆண்மானைச் சுட்டார். தலையைப் பாடம் பண்ணித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தார். பாடம் பண்ணுகிறவர் ஊரை விட்டுப் போய்விட்டார். கொம்பும் போய்விட்டது. ஜோர்டானிடம் மிஞ்சியது கதை மட்டும். ஒரு போட்டோகூட இல்லை. "நான் ஒரு மான் சுட்டேன், அது எவ்வளவு பெரிசு தெரியுமா" என்று ஒரு மனுஷன் சொன்னால் யார் நம்புவார்கள்? உலகத்தில் எல்லா வேட்டைக்காரனும் சொல்கிற வசனம்தானே அது.

நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1958-ல், மினசோட்டாவில் சாண்ட்ஸ்டோன் என்ற ஊரில் பழைய சாமான் விற்பனை ஒன்றில் ஒருவர் ஒரு ஜோடிக் கொம்பை 3 டாலருக்கு வாங்கினார். 1964-ல் அதை முறையாக அளந்தால் 206 புள்ளிக்கு மேல் வந்தது. அதுவரைக்கும் இருந்த உலக சாதனை உடைந்தது. கொம்பை வாங்கியவர் ஜோர்டானுக்கு உறவுக்காரர். கொண்டுபோய் அவரிடம் காட்டினார். கிழவர் பார்த்த உடனே, இது என் மான் என்றார். ஆனால் காகிதத்தில் என்ன இருக்கிறது? மினசோட்டாவில் கிடைத்த கொம்பு, சுட்டவர் யார் என்று தெரியாது. அப்படித்தான் பதிவு. ஜோர்டான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கிளப் அவர் பெயரை ஏற்றுக்கொண்டது 1978 டிசம்பரில். அவர் இறந்தது அதே வருஷம் அக்டோபரில்.

ரெண்டு மாசம்! 64 வருஷம் ஒரு கதையை மாற்றாமல் சொன்ன மனுஷனுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடைக்கவில்லை. அந்த சாதனை 1993-ல் கனடாவில் மைலோ ஹான்சன் என்ற விவசாயி சுட்ட மான் வருகிற வரைக்கும் நின்றது.

இதில் எனக்குப் பிடித்த இடம் சாதனை இல்லை. ஆவணம் தப்பாக இருந்தது, கதை சரியாக இருந்தது. நாம் எப்போதும் நேர்மாறாகத்தான் நினைப்போம். கதையைச் சந்தேகப்படுவோம், ரசீதை நம்புவோம். ஆனால் அந்தக் கதையைக் கேட்க, ஞாபகம் வைத்துக்கொள்ள நாலு பேர் இருந்ததால்தான் ரசீதைத் திருத்த முடிந்தது.

சரி, இப்போது விஸ்கான்சின் அரசு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம்.

1953-லிருந்து அங்கே ஒரு விதி இருந்தது. மான் சுட்டால் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பதிவு நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். பதிவு நிலையம் என்றால் தாலுகா ஆபீஸ் மாதிரி கற்பனை பண்ணாதீர்கள். பெட்ரோல் பங்க், பார், தீவனக் கடை, வேட்டைச் சாமான் கடை, இதுதான். கடைக்காரர் உலோகப் பட்டை ஒன்றை மாட்டிவிடுவார். சில இடங்களில் வனத்துறை ஆட்கள் வாயைத் திறந்து பல் தேய்மானத்தைப் பார்த்து வயசு சொல்வார்கள். இதற்குள் பின்னால் நிற்கிற வண்டிக்காரர் இறங்கி வந்து, எங்கே கிடைத்தது, எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம் என்று ஆரம்பிப்பார். சின்னப் பசங்கள் கொம்பை எண்ணுவார்கள். கடையில் காபியும் பியரும் விற்கும். ஊருக்கே திருவிழா.

2015-ல் இது முடிந்தது. இப்போது போனிலோ இணையத்திலோ பதிவு செய்துவிடலாம். மறுநாள் மாலை 5 மணி வரைக்கும் நேரம். எந்த மாவட்டம், எந்தத் தேதி, கொம்புள்ளதா இல்லாததா, அரசு நிலமா தனியார் நிலமா என்று சில கேள்விகள். ஒரு எண் வரும். முடிந்தது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். இதில் வசதி இருக்கிறது. ராத்திரி பனியில் முப்பது மைல் வண்டி ஓட்ட வேண்டாம். அரசுக்குச் செலவு மிச்சம். எத்தனை மான் என்ற எண்ணிக்கை உடனுக்குடன் கம்ப்யூட்டரில் வந்துவிடும். நானே காலேஜ் ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கச் சொன்னால் சண்டை போடுவேன். ஆகவே, பழையபடி எல்லாரும் வண்டியைக் கட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இழப்பு என்ன என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். அரசு எதைச் செலவு என்று வெட்டியதோ அது வெறும் பதிவு நிலையம் இல்லை, கதைச் சந்தை. அந்த வரிசையில் நண்பர்கள் மட்டும் நிற்கவில்லை, முன்பின் தெரியாதவர்களும் நின்றார்கள். அடுத்த காட்டில் என்ன நடக்கிறது, மான் மெலிந்திருக்கிறதா, நோய் ஏதாவது தெரிகிறதா என்ற பேச்சு நடந்தது அங்கேதான். 2002 பிப்ரவரியில் அந்த மாநிலத்தில் மான்களின் மூளையைத் தின்னும் ஒரு நோய், தீராத நோய், முதல் தடவையாக உறுதியானது. முந்தைய சீசனில் சுட்ட 3 மான்களில் அது இருந்தது. அதற்குப் பிறகு மான்களைச் சோதிப்பது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது சில இடங்களில் மான் தலையைப் போட்டுவிட்டுப் போக ஆளில்லாத பெட்டி வைத்திருக்கிறார்கள். சோதனை நடக்கிறது, பேச்சு நடக்கவில்லை.

மக்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1990-ல் இந்தச் சீசனுக்கு உரிமம் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட 7 லட்சம். இப்போது ஐந்தரை லட்சம் என்று மேலே சொன்னேனே. இதற்கு இணையப் பதிவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது. வயசானவர்கள் நிறுத்துகிறார்கள், அவர்கள் இடத்துக்கு அவ்வளவு இளையவர்கள் வருவதில்லை. ஆனால் ஒரு பையன் முதலில் காட்டுக்குள் போவது துப்பாக்கியால் இல்லை, காதால்தான் என்று நான் நினைக்கிறேன். கதை கேட்கிற இடம் குறைந்தால் கேட்கிற காதும் குறையும்.

இப்போது அண்ணன் சொன்ன அந்த ராத்திரியின் முக்கியமான கதை.

கேரேஜில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபது வயசுக்கு மேல். வீட்டுக்காரரின் அப்பா. எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இருபத்தைந்து வயசுப் பையன் ஒருத்தன் ஓடுகிற மானை முந்நூறு கஜத்தில் சுட்டு வீழ்த்திய கதையை நடித்தே காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் யாரோ, "உங்களுக்கு இந்த வருஷம் ஒண்ணும் கிடைக்கலையா?" என்று பெரியவரைக் கேட்டார்கள்.

"கிடைச்சுது. ஆனா கைக்கு வரலை" என்றாராம்.

புதன்கிழமை சாயங்காலம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண்மான் வந்தது. சுட்டார். பட்டது என்று தெரிந்தது. போய்ப் பார்த்தால் பனியில் ரத்தத் துளிகள், ஆனால் மான் இல்லை. டார்ச் வைத்துக்கொண்டு சதுப்பு வரைக்கும் தேடினார். மறுநாள் பண்டிகை. வீட்டில் வான்கோழி அடுப்பில் இருக்கிறது, பேரப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இவர் விடியற்காலையே மறுபடி போய் மத்தியானம் வரைக்கும் தேடினார். ராத்திரி புதுப் பனி விழுந்து தடத்தை மூடிவிட்டது. கிடைக்கவே இல்லை. "கண்ணு பழைய மாதிரி இல்லை. அந்த வெளிச்சத்துல நான் சுட்டிருக்கக் கூடாது. இனிமே சாயங்காலம் துப்பாக்கி எடுத்துட்டுப் போக மாட்டேன்" என்று சொல்லி முடித்தாராம்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "எந்தப் பக்கம் ஓடிச்சு?" என்று கேட்டார். இன்னொருவர், தானும் பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒன்றைத் தொலைத்ததாகச் சொன்னார். அவர் மனைவிக்கே அது அன்றைக்குத்தான் தெரியுமாம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கவனித்தது, அந்த முந்நூறு கஜப் பையன் தன் நாற்காலியைப் பெரியவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் போதுமா இல்லையா என்று எதை வைத்து முடிவு பண்ணுவது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண்மான் எந்தக் கணக்கிலும் இல்லை. இணையப் படிவத்தில் "சுட்டேன், தொலைத்துவிட்டேன்" என்று ஒரு கட்டம் கிடையாது. பழைய பதிவு நிலையத்திலும் கிடையாதுதான், ஒத்துக்கொள்கிறேன். அங்கேயும் கையோடு கொண்டுபோன மானுக்குத்தான் பட்டை. ஆனால் அந்த வரிசையில் வாய் இருந்தது, காது இருந்தது. படிவத்துக்கு ரெண்டும் இல்லை.

விஸ்கான்சினில் வாழ்ந்த ஆல்டோ லியோபோல்ட் என்று ஒரு பேராசிரியர். 1933-ல் அங்கே பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மையைப் பாடமாகச் சொல்லித் தர ஆரம்பித்தவர். வேட்டைக்காரர்தான். இளம் வயதில் தான் சுட்ட ஓர் ஓநாய் சாகிற நேரத்தில் அதன் கண்ணைப் பார்த்து மனம் மாறியதை எழுதியவரும் அவர்தான். அவருடைய கருத்து ஒன்று எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. மற்ற விளையாட்டில் கைதட்டக் கூட்டம் உண்டு, விசில் ஊத நடுவர் உண்டு. வேட்டைக்காரன் காட்டில் தனியாக இருக்கிறான், அவன் செய்கிற சரியும் தப்பும் அவன் மனசாட்சிக்கு மட்டும்தான் தெரியும் என்கிறார்.

உண்மைதான். அதோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மனசாட்சிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட் வேண்டும். சீசன் முடிகிற ராத்திரி நடப்பது அதுதான். பாதி புளுகு இருக்கட்டும். 80 கஜம் 150 ஆகட்டும். எல்லாரும் புளுகுகிற அந்த இடத்தில்தான் ஒருவருக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வருகிறது. முதலில் ஜெயித்த கதைகள் வரும். அப்புறம் தோற்ற கதைகள், சட்டை வால் கதைகள் வரும். எல்லாரும் சிரித்துக் களைத்த பிறகு, ஆழத்தில் கிடந்த கதை மேலே வரும். நேராக மூன்றாவது கதைக்குப் போக முடியாது. முதல் ரெண்டும் அதற்குப் போட்ட படிக்கட்டு.

அதனால்தான் சொல்கிறேன், எண்ணிக்கையை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அதோடு கதைக்கும் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பதிவு நிலையம் போய்விட்டாலும் பெரிய கொம்புக்குப் பரிசு கொடுக்கிற பார்கள் இன்னும் இருக்கின்றன, கேரேஜ்கள் இருக்கின்றன. வண்டியில் மானோடு வீட்டுக்கு நேராகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல், நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒரு பத்து நிமிஷம் நிறுத்த வேண்டும். விதி கட்டாயப்படுத்தியபோது சும்மா கிடைத்ததை இனிமேல் அவர்களே விரும்பிச் செய்தால்தான் உண்டு. வயசானவர்கள் பேச வேண்டும். சின்னவர்கள் போனை உள்ளே வைத்துவிட்டு உட்கார வேண்டும்.

கடைசியாக, நான் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம். போன செமஸ்டர் முடிவு வந்த அன்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் எங்கள் செட் எல்லாம் உட்கார்ந்து கதை பேசினோம். யார் எந்தக் கேள்வியில் என்ன கதை விட்டான், எந்த சூப்பர்வைசர் தூங்கினார், யார் படிக்காமலே 70 வாங்கினான் என்று. நானும் சிரித்தேன், நானும் ரெண்டு புளுகு விட்டேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்கு அரியர் விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. ரிசல்ட் பக்கத்தை மூடிவிட்டு எல்லாம் க்ளியர் என்றேன். இன்று வரைக்கும் எங்கள் செட்டில் யாருக்கும் தெரியாது. பீஸ் கட்டுகிற கடைசித் தேதி வந்தபோது ஒருத்தனிடம்கூடக் கடன் கேட்க முடியவில்லை, எதற்கு என்று கேட்பார்களே.

அரியரையும் உயிரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் எழுபது வயசுப் பெரியவர் ஒருவர் பதினைந்து பேர் நடுவில் செய்ததை என்னால் ஐந்து நண்பர்கள் நடுவில் செய்ய முடியவில்லை.

அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன். மொட்டைமாடி செட், இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு மேலே வாங்கடா. முதலில் நீங்கள் உங்கள் புளுகை எல்லாம் சொல்லி முடியுங்கள். அதற்கப்புறம் நான் பேசுகிறேன்.